கழுவாத டயர்

என் மொபெட்டுக்குப் பதினைந்து வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்ட வேண்டியிருந்தது. பிரேக், ஹாரன், விளக்கு எல்லாம் சரி. முன் டயர்தான் தேய்ந்து நூல் தெரிந்தது. பக்கத்து வீட்டு செல்வராஜ் அண்ணாச்சியிடமும் அதே வண்டி. ஒருநாளைக்கு முன்சக்கரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"உம்ம டயர் தாங்குமா வே?"

"கொஞ்சம் பழசு, அவ்வளவுதான் அண்ணாச்சி."

சேறு அப்பியிருந்த டயரைக் கழுவாமலே அவர் வண்டியில் மாட்டிக் கொடுத்தேன்.

என் வண்டி பாஸானது. வெளியே வந்தால் போன். களக்காடு ரோட்டில் தூறலில் சறுக்கி, அண்ணாச்சிக்குக் கால் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும், "பாஸாயிட்டா வே?" என்றார். "ரோடு வழுக்குது. நீரும் பைய ஓட்டும்."

அன்றைக்கே சக்கரங்களைத் திரும்ப மாற்றிவிட்டேன். நொண்டி நடக்கிற அண்ணாச்சி இன்றைக்கும் அந்த ரோட்டைத்தான் திட்டுகிறார். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.