கேட்டது நாடு, சொன்னது ஊர்

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று யாராவது பேச்சுக்குக் கேட்டால்கூட எனக்கு இன்றும் முகம் கடுகடுத்துவிடும். கேட்டவர் தப்பாகக் கேட்டிருக்க மாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நிற்பவர், நேரம் போகக் கேட்பார். நான் பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்ப்பேன். கூச்சக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். கூச்சக்காரிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் வாயை மூடிக்கொள்வது கூச்சத்தினால் அல்ல.

நாங்கள் பிறந்தது குமுளிக்கு மேற்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வரிசையாக ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை லயம் என்போம். அப்பா கைக்குழந்தையாக மலையேறி வந்து அந்த லயத்திலேயே வளர்ந்தவர். நானும் தங்கையும் பிறந்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில். ஆனாலும் அந்த இடத்தை எங்களில் ஒருவரும் ஊர் என்று சொன்னதில்லை. அது மலை. ஊர் என்றால் கீழே, தமிழ்நாட்டில், சங்கரன்கோயில் பக்கம். பொங்கலுக்கு லீவு கிடைத்துக் கம்பம் பஸ் ஏறினால்தான் "ஊருக்குப் போறோம்". பேச்சு வராத பிள்ளைக்குக்கூட முதலில் அந்த ஊர்ப் பேரைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால் எந்த ஊர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஊர் சொல்லத் தெரியாத வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை தமிழ். என் படிப்பு அதோடு சரி. மேலே படிப்பவர்கள் டவுனில் மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். என் தங்கை போனாள். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவள், பத்தாம் வகுப்பில் முதல் கிளாசில் தேறினாள். எங்கள் லயத்தில் அதுவரை ஆண்பிள்ளைகள்கூடப் பத்து தேறியதில்லை.

எழுபதுகளின் நடுவில் அது. இடுக்கி தனி ஜில்லா ஆகி ரொம்ப நாள் ஆகவில்லை. கோட்டயம் பக்கத்தில் ஒரு காலேஜில் பத்துக்கு மேலே படிக்கும் பிரீடிகிரிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலும் படிப்புச் செலவும் சர்க்கார் கொடுக்கும். அதற்குச் சாதி சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் இல்லையென்றால் ஹாஸ்டல் இல்லை, ஹாஸ்டல் இல்லையென்றால் காலேஜ் இல்லை. அவ்வளவு தூரம் மலையிலிருந்து தினமும் போய்வர முடியுமா?

வில்லேஜ் ஆபீசுக்கு அப்பாவும் தங்கையும் நானும் போனோம். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட்டதால் துணைக்கு நான். வழக்கம்போல வாசலிலேயே நின்றுகொண்டேன்.

ஆபீசர் பேர் கேட்டார், வேலை கேட்டார். பிறகு பேனாவை எழுதத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "நாடெவிடெயா?" என்றார்.

வளர்ந்து வாழும் சொந்த இடம் எது என்று கேட்டார். அப்பாவின் காதில் அது எந்த ஊர் என்று விழுந்தது. பெண் கேட்டு வந்த சம்பந்திக்குச் சொல்வது போல நிமிர்ந்து நின்று சொன்னார்.

"சங்கரன்கோயில் பக்கம், சாமி. பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து எங்களுக்கு அங்கதான்."

சர்டிபிகேட்டை அங்கேயே போய் வாங்கச் சொல்லி ஆபீசர் பேனாவை மூடிவிட்டார். "எந்நால் அவிடெ போயி வாங்ஙிக்கோ."

தங்கை முன்னால் வந்து, தான் பிறந்ததும் அப்பா வளர்ந்ததும் இங்கேதான் என்றாள். "சாரே, ஞான் ஜனிச்சது இவிடெயா. அச்சன் வளர்ந்நதும் இவிடெயா."

"அச்சன் தன்னெ பறஞ்ஞல்லோ!" அப்பனே தன் வாயால் சொல்லிவிட்டானே என்று அவர் சிரித்தார். பக்கத்து மேஜைக் கிளார்க்கும் சிரித்துக்கொண்டே, "பாண்டிக்கு பாண்டியில்தன்னெ கிட்டும்" என்றான். தமிழர்களையும் தமிழ்நாட்டையும் அங்கே பாண்டி என்பார்கள். வெறும் பெயராகச் சொல்ல மாட்டார்கள், வசவு மாதிரித்தான் சொல்வார்கள்.

திரும்பும் வழியில் தங்கை அழவில்லை, வெடித்தாள். "அவரு கேட்ட நாடு வேற, நீங்க சொன்ன ஊரு வேற, யப்பா! இந்த மலைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"மலையெல்லாம் ஒரு ஊராட்டி? கேட்டாரு, உள்ளதச் சொன்னேன். ஊரு வேற, நாடு வேறங்கா. இதத்தான் பத்து வருசம் படிச்சியோ?"

அப்பா மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்ன மனிதர். என் கோபம் கேட்டவர் மேல்தான். அவர் உட்கார்ந்திருந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் தோட்டம் தெரியும். அப்பாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சரிவில்தான் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டினார் என்பது அவருக்குத் தெரியாதா? எலெக்ஷன் வந்தால் லயத்து வாசலுக்கே ஜீப் வரும். எங்களை ஏற்றிப் போய் ஓட்டுப் போடவைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். அன்றைக்கு ஒருவனாவது நாடெவிடெ என்று கேட்டானா? ஓட்டுக்கு மட்டும் நாங்கள் இந்த நாடு.

வேறு வழியில்லாமல் மூவரும் ஊருக்குப் போனோம். கம்பம் இறங்கி, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது உடம்பெல்லாம் புழுதி. கிராம முன்சீப் வீட்டு வாசலில் நின்று அப்பா தாத்தாவின் பெயரைச் சொன்னார்.

"அவனா? பஞ்சத்துல பொண்டாட்டி புள்ளையோட மலையேறிட்டான்லா. குடிசை இருந்த எடத்துல இப்ப கருவேலம் நிக்கி." முன்சீப் தங்கையைப் பார்த்தார். "இந்தப் புள்ள எங்க பொறந்துச்சு?"

"மலையில, சாமி."

"அப்ப மலையிலல்லா வாங்கணும்? மலையாளத்துக்காரனுக்கு நான் சாதி எழுதிக் கொடுத்தா என் வேலை போயிரும்ல."

மேலே பாண்டி, கீழே மலையாளத்துக்காரன்.

அவர் எங்களைப் படியில் ஏறவிடவில்லை. வெயிலில் தெருவிலேயே நிறுத்தி வைத்துத்தான் பேசினார். தங்கை தண்ணீர் கேட்டாள். உள்ளேயிருந்து வந்த பொம்பிளை செம்பை உயரத் தூக்கி, பட்டுவிடாமல் அவள் கைக்குள் ஊற்றினாள். நாங்கள் என்ன சாதி என்று அந்தப் பொம்பிளைக்கு யார் சர்டிபிகேட் காட்டினார்கள்? ஒதுக்கி நிறுத்துவதற்கு எங்கள் முகமே போதும். படிப்பதற்குத்தான் முத்திரை வைத்த காகிதம் வேண்டும்.

மறுபடியும் வில்லேஜ் ஆபீஸ். இந்தத் தடவை தங்கைதான் பேசினாள். முன்சீப் சொன்னதை அப்படியே மலையாளத்தில் சொன்னாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்ததற்குச் சீட்டு வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். நீ பிறந்த இடம் போதாது, அப்பன் எந்த நாட்டுக்காரன் என்பதுதான் கணக்கு, அதை அவனே சொல்லியாயிற்று என்றார் ஆபீசர். வேண்டுமானால் தாசில்தாரைப் பார் என்றார். தாசில்தார் முகாமில் இருக்கிறார் என்றார்கள், பிறகு லீவில் இருக்கிறார் என்றார்கள். அதற்குள் காலேஜ் சொன்ன கெடு தாண்டிவிட்டது.

தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். கணக்குப்பிள்ளை தங்கையின் பெயரை அன்றைக்கே பதிந்துகொண்டார். எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

காலேஜ் திறக்கிற வாரம் நாங்கள் ரோட்டோரச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஜீப் வந்தது. அதில் டீமேக்கர் மகள் உட்கார்ந்திருந்தாள், பின்னால் டிரங்குப் பெட்டி. தேயிலை அரைக்கும் ஃபாக்டரிக்கு டீமேக்கர்தான் பெரியவர். கீழே கோட்டயத்திலிருந்து அவர் குடும்பம் மலைக்கு வந்து நாலைந்து வருஷம்தான் இருக்கும். அந்தப் பெண் தங்கையோடு ஒரே வகுப்பில் படித்தவள், மார்க்கு இவளைவிடக் குறைவு. நல்ல பெண்தான், குற்றம் சொல்ல மாட்டேன். தங்கையைக் கண்டதும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, காலேஜுக்கு வரவில்லையா என்று கேட்டாள்: "நீ வருந்நில்லே?"

தங்கை தமிழிலேயே சொன்னாள். "எனக்கு இன்னும் ஊரு கெடைக்கல. கெடைச்சதும் வாறேன், நீ போ."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். எங்கள் நிரையில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பத்து படிச்சவ வாயப் பாருட்டி!" என்றாள் ஒருத்தி.

தங்கை சிரிக்கவில்லை. குனிந்து, கொழுந்தை விட்டுவிட்டு, எடுக்கக் கூடாத முற்றின இலையும் காம்புமாகக் கைக்கு வந்ததைப் பிடுங்கிக் கூடைக்குள் எறிந்தாள். கங்காணி மேலேயிருந்து கத்திக்கொண்டு இறங்கி வந்தான்.

"ஏளா, கொழுந்து எது, இலை எதுன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்" என்றாள். அவன் கண் முன்னாலேயே மறுபடியும் முற்றின இலையைப் பிடுங்கினாள்.