பச்சைப் பட்டனில் இருந்த பொட்டு

மலாக்காவில் ஒரு தனியார் கல்லூரியில் நான் பொறியியல் பேராசிரியர். மாணவர்களே ஆராய்ச்சி செய்யும் புதிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து திட்டம் எழுதினேன். அதைப் பரிசீலிக்க டீன் அம்மா எங்கள் பழைய ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். நான் பேசி முடித்ததும், சுங்கை ரம்பாயிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் இறுதியாண்டு மாணவி மகேஸ்வரியை அழைத்தார். இரும்புக் கம்பியை இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தைக் காட்டினார்.

"இத கொஞ்சம் ஆன் பண்ணிக் காட்டு லா."

மகேஸ்வரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வீடியோல பார்த்திருக்கேன் மேடம். சார் தொட வேணாம்னு சொல்லியிருக்காரு."

பழுதாகிவிடுமே என்று பயந்து, வீடியோ போட்டே பாடம் நடத்தியவன் நான்தான். சமாளிக்கச் சிரித்துக்கொண்டே இயந்திரத்தின் அருகில் போனேன். அதை ஆன் செய்யும் பச்சைப் பட்டனைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. போன ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நடுவில் அப்படியே காய்ந்திருந்தன. பத்து மாதமாக ஒரு விரல்கூட அதில் படவில்லை.

டீன் அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். என் திட்டத்தை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

"அமுக்கும்மா" என்றேன் மகேஸ்வரியிடம்.

"பொட்டு அழிஞ்சிடும் சார்."

"அழியட்டும்."

கட்டைவிரல் சிவக்க அவள் அமுக்கினாள்.

இப்போதும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறேன். மறுநாள் மாலை மறக்காமல் போய்ப் பார்ப்பேன். அது அழிந்திருந்தால்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறேன்.