உள்வயலுக்கு ஒரு வழி

தை மாதக் கடைசி. காலை பத்து நாற்பதுக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் மன்னார்குடி பஸ் ஏறினேன். தருமபுரியிலிருந்து சேலம், திருச்சி என்று பஸ் மாறி மாறி உட்கார்ந்து வந்ததில், இடுப்பு என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருந்தது. நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்ததால் இடுப்பைச் சமாதானப்படுத்த முடிந்தது.

ஊரைத் தாண்டியதுமே பாலங்கள் வர ஆரம்பித்தன. வடவாறு, வெண்ணாறு என்று பக்கத்து இருக்கைக்காரர் பெயர் சொன்னார். பெயர் சொல்ல முடியாத வாய்க்கால்களையும் சேர்த்து ஒன்பது வரை எண்ணிவிட்டு, பத்தாவது விரலை மடக்காமலே நிறுத்திக்கொண்டேன். எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டுவிட்டு, புழுதி வந்தாலும் "கொஞ்சம் ஈரப் புழுதிதான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் ஜனங்கள் நாங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்பது பாலம் என்றால் பொறாமை வராதா?

சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஓரிடத்தில்கூட அதன்மேல் சக்கரம் ஏற்றவில்லை. எதிரே லாரி வந்தால் நின்று, லாரி போனபின் வளைந்து போனார். பின்னாலிருந்து ஒருவர் நேரமாகிறது என்று முணுமுணுக்க, "சோத்து மேல ஏத்தச் சொல்றீங்களா?" என்று திரும்பாமலே கேட்டார்.

மன்னார்குடியில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. அங்கிருந்து திருத்துறைப்பூண்டி இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கே டவுன் பஸ்ஸில் மகளிருக்கு இலவசம். கண்டக்டர் கொடுத்த காசில்லாத டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு வளர்மதியின் ஊரில் இறங்கினேன். ஊர்ப் பெயரைப் போடக்கூடாது என்று அவள் கட்டளை.

வளர்மதியும் நானும் முப்பது வருடத்துக்கு முன் நர்ஸ் பயிற்சி விடுதியில் ஒரே அறை. அவள் இப்போது கிராம செவிலியர். அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஊரார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவள் சம்பளத்தில் சேர்த்து வாங்கிய நாலு மா நிலம் இருக்கிறது. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர், கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அறுவடைக்கு வா, வா என்று பத்து வருடமாகக் கூப்பிட்டும் இந்த வருடம்தான் எனக்கு லீவு கிடைத்தது.

"சாப்டியா? சரி, அப்புறம் சாப்புடலாம், வா" என்று கேள்வியையும் பதிலையும் அவளே சொல்லி, நேரே வயலுக்கு இழுத்துப் போனாள்.

மேட்டில் ஏறிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை ஒரே தட்டை, ஒரே மஞ்சள். கதிர்கள் தலை கவிழ்ந்து நின்றன. வளர்மதி குனிந்து தாள்களை விலக்கிக் காட்டினாள். அடியில், ஈர மண்ணில், விரற்கடை உயரத்துக்குப் பச்சை முளைகள்.

"என்னடி இது, களையா?"

"உளுந்துடி. அறுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நெல்லுக்குள்ள தெளிச்சிடுவோம். உழவு கிடையாது, எரு கிடையாது. பனியும் மண்ணுல இருக்குற ஈரமும் போதும். நெல்லு போனதும் இது எந்திரிச்சுக்கும்."

ஒரு பயிர் நிற்கும்போதே அதன் காலடியில் அடுத்த பயிர். நெல் தின்ற மண்ணுக்கு உளுந்தின் வேர் தெம்பு கொடுக்குமாம். ஒரு சொட்டு ஈரத்தையும் வீணாக்காத இந்தக் கெட்டிக்காரத்தனத்தை, ஒன்பது பாலம் உள்ள ஊரில் நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் இல்லாதவர்களுக்குத்தான் சிக்கனம் தெரியும் என்று நினைத்திருந்த எனக்கு நல்ல குட்டு.

வளர்மதியின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. காரணம் அவள் வயலுக்கும் சாலைக்கும் நடுவில் நின்றது. அது கோவிந்தராசு என்பவரின் வயல். கார்த்திகை மழையில் அவருடைய நடவு மூழ்கி அழுகிவிட்டது, மறுபடி நட்டார். அதனால் அவருடைய பயிர் இன்னும் பச்சை, அறுக்க மூன்று வாரம் ஆகும். வளர்மதியின் உள்வயலுக்கு வேறு பாதையே இல்லை. இந்தப் பக்கம் வயலுக்கு வயல்தான் தண்ணீர் பாயும், வயலுக்கு வயல்தான் வண்டியும் போகும். அதனால் ஒரு வாய்க்காலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வயதுள்ள நெல்லைப் போட்டு, முன்வயலை முதலில் அறுத்து உள்ளே போவார்கள். இந்த வருடம் மழை அந்த வரிசையைக் குலைத்துவிட்டது.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அறுப்பு மிஷின் வண்டி வருது. ஆத்தூர்க்காரர் வண்டி. வழி இல்லைன்னா அடுத்த ஊருக்குப் போயிடுவாரு, திரும்ப வர நாலு நாளு. நாளைக்குச் சாயங்காலம் மழைங்கறான் டிவியில. இந்த நெல்லு சாஞ்சு தண்ணியில படுத்தா முளைச்சிடும். உளுந்தும் அழுகிடும்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. "அவர்கிட்ட கேளேன்" என்றேன்.

"பத்தடி அகலத்துக்குப் பச்சைப் பயிர அழிக்கச் சொல்லணும். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? எங்கம்மா அந்த வீட்டுக் கொல்லைப் பக்கம் நின்னு கேட்டுக் கேட்டே காலத்த ஓட்டுச்சு. இனிமே யார்கிட்டயும் கேக்கக்கூடாதுன்னுதான் நான் இந்த நெலத்தையே வாங்குனேன்."

"எங்க ஊர்ல கேக்கவே வேண்டாம், தடத்துல முள்ளு போட்டு அடைச்சிருவாங்க" என்றேன்.

"யாரு அடைச்சா?"

"நான்தான்."

உண்மை. பக்கத்து நிலத்து மாதையன் என் நிலத்தோரமாகத்தான் மாட்டுவண்டி ஓட்டிப் போவார். நான்கு வருடத்துக்கு முன் ஒரு வாய்ச்சண்டையில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டேன். அன்றிலிருந்து அவர் ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறார். வந்து ஒரு வார்த்தை கேட்டால் எடுத்துவிடலாம் என்றுதான் நானும் இருக்கிறேன். இதைச் சொன்னபோது வளர்மதி சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது கோவிந்தராசுவின் வரப்பில் எதிரே மாடு வந்தது. சேறாக இருக்கும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வயலுக்குள் இறங்கினேன். கால் புதையவில்லை. வெறுமனே செருப்பைக் கழற்றினோமே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மாலை ஐந்தரை. வளர்மதி ஒருவழியாகத் தலையைச் சீவிக்கொண்டு கோவிந்தராசு வீட்டுக்குக் கிளம்பினாள், துணைக்கு நானும். அறுபது வயதுக்காரர், ஒல்லி, பனியனோடு உட்கார்ந்திருந்தார். "வாம்மா, உக்காரு. யாரு, ஊருக்குப் புதுசா?" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். வளர்மதி உட்கார்ந்தாள். பையைத் திறந்தாள். பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்தாள்!

"அண்ணே, கையக் காட்டுங்க."

பட்டையைச் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். மூன்று தடவை பார்த்தாள். "உப்பக் கொறைங்கண்ணே, மாத்திரைய விட்றாதீங்க" என்றாள். அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தாள், எழுந்தாள், வந்துவிட்டாள். வெளியே வந்ததும் என் கையைக் கிள்ளி, "ஒண்ணும் பேசாத" என்றாள். நான் எங்கே பேசினேன்? சிரிப்பை அடக்கவே நேரம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணி. வானம் மூடிக்கொண்டு நின்றது. வாய்க்கால் கரையோடு நடந்தோம். "அண்ணே, ஒரு உதவி... இல்ல, அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்று வளர்மதி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். மதகடிக்கு வந்ததும் ஒத்திகை நின்றுவிட்டது.

பச்சை வயலின் நடுவே ஒரு வெட்ட வெளி. சாலையிலிருந்து நேராக, வளர்மதியின் மஞ்சள் வயலை நோக்கி. அதன் முனையில் கோவிந்தராசுவும் அவர் மனைவியும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பச்சைக் கதிர்கள் குவியலாகக் கிடந்தன. இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான் மிச்சம்.

"அண்ணே..." என்றாள் வளர்மதி.

அவர் நிமிர்ந்தார். "நாலு நாளா மடைய அடைச்சுத் தண்ணியக் காயப் போட்டிருக்கேன். தரை இறுகினாத்தானே வண்டி இறங்கும்? நீ வந்து கேப்ப, கேப்பன்னு பாத்தேன். நேத்து வந்த. பிரஷரு பாத்துட்டுப் போயிட்ட. சரி, இது வாயத் தொறக்காதுன்னு இவதான் அருவாள எடுத்தா."

என் கால் ஏன் புதையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடமாக நிலம் பார்க்கிறவள் போல நேற்று நடந்த நான், கையில் செருப்போடு, அவர் காயப் போட்ட தரைமேலேயே நடந்து போயிருக்கிறேன்!

"எத்தன கதிரு போச்சோ, நம்ம நெல்லுல அளந்து தந்துடறேண்ணே."

"அளக்கறதா? கார்த்திகையில எந்தண்ணி வடிஞ்சு நான் மறுபடி நடணும்னு உன் வரப்ப நீயே வெட்டி விட்டியே, உன் பயிரு மூழ்கும்னு தெரிஞ்சும். அத நான் அளந்தனா? போம்மா. வண்டிக்காரன் வந்துடுவான்."

"இன்னிக்கு எங்க மாட்டுக்கு விருந்து" என்றார் அவர் மனைவி, பச்சைக் கதிரை அள்ளியபடி. வளர்மதி இடுப்பில் சேலையைச் செருகி, அவர் பக்கத்தில் குனிந்து அள்ள ஆரம்பித்தாள். நானும் அள்ளினேன். பச்சைக் கதிரின் சொணை பட்டுக் கையெல்லாம் அரித்தது.

ஏழே காலுக்கு ஆத்தூர் வண்டி அந்த வழியில் இறங்கியது. சக்கரத்துக்குப் பதில் பெல்ட் போட்ட வண்டி, தரை தாங்கியது. பகல் பதினொன்றுக்கு நாலு மாவும் முடிந்தது. நெல்லை டிராக்டரில் ஏற்றி, ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கொட்டி, தார்ப்பாய் போர்த்தினோம். அறுப்பு வண்டி டிரைவர் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "தடத்துக்காக எங்க ஊர்ல கோர்ட்டுக்குப் போவோம்ங்க" என்று என்னிடம் சொன்னார். "தெரியுங்க" என்றேன்.

மூன்று மணிக்கு மழை பெய்தது. பலமான மழை இல்லை, அரை மணி நேரம்தான். நெல் நின்றிருந்தால் சாய்த்திருக்கும். வெட்டவெளியில் நின்ற உளுந்து முகம் கழுவிக்கொண்டது. மழை விட்டதும் வளர்மதி மிச்ச உளுந்து விதையை மடியில் கட்டிக்கொண்டு, கோவிந்தராசுவின் வயலில் வெட்டிய அந்தப் பத்தடி வழி நெடுகத் தெளித்துவிட்டு வந்தாள். அவரைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை டவுன் பஸ், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர். பையில் வளர்மதி கட்டிக் கொடுத்த இரண்டு படி புதுநெல். பாலங்களை இந்த முறை எண்ணவில்லை. அந்த மண்ணில் ஆறு இருக்கிறது, அதனால் விளைகிறது என்று வரும்போது சுலபமாக நினைத்திருந்தேன். போகும்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஒருவருக்காக ஒருவர் தன் வரப்பை வெட்டிக்கொடுக்காவிட்டால் அத்தனை ஆறும் ஒருவருக்கும் உதவாது.

ஊர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெட்டரிவாளோடு என் நிலத்துக்குப் போனேன். நான்கு வருட முள், நன்றாகக் காய்ந்து பின்னிக் கிடந்தது. பாதி இழுத்துப் போட்டபோது கையெல்லாம் கீறல். ஏரிக்கரையைச் சுற்றி வண்டி ஓட்டி வந்த மாதையன் என்னைப் பார்த்து மாட்டை நிறுத்தினார்.

"முள்ளு வெறகுக்குங்களா?"

"இல்லைங்க. வண்டிக்கு."

அவர் இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.