சுளகு கட்டி ஆடிய பட்லர்

அய்யாக்குட்டிக்குப் பேரன் பிறந்து, அந்தப் பேரனுக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாயிற்று. அப்போதும் டாசன் துரை அவரைப் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் பையன் என்று அர்த்தம். கூப்பிட்ட குரலுக்கு அய்யாக்குட்டியும் தட்டோடு ஓடுவார். குற்றாலத்துப் பங்களாவில் முன்வாசல் துரைமாருக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் மட்டுமே. பட்லரே ஆனாலும் அவருக்குப் பின்பக்கத்துச் சின்ன வாசல்தான்.

உள்ளே கிடைக்காத மரியாதையை அவர் வெளியே வசூல் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, இடுப்பில் அகலமான சிவப்புக் கச்சை. நெஞ்சை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் தான் வருகிற மாதிரி ஒரு நடை. தென்காசிச் சந்தையில் அவர் கத்திரிக்காய் வாங்கும் தோரணையைப் பார்த்தால் கத்திரிக்காய்க்கே கூச்சமாக இருக்கும். மீசைக்கும் ஆசை, கூழுக்கும் ஆசை என்பார்கள். அய்யாக்குட்டிக்கு இரண்டும் வேண்டியிருந்தது. கூழ் பங்களாவில், மீசை சந்தையில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்மஸுக்கு முன்னால், துரை சென்னைப் பட்டணத்திலிருந்து ரயிலில் ஒரு வான்கோழிச் சேவலும் இரண்டு பெட்டைகளும் வரவழைத்தார். அந்தச் சேவலைப் போல ஒன்று இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று, விருந்துக்கு வரவிருந்த துரைமாரிடமெல்லாம் பெருமையும் அடித்துவிட்டார். தென்காசி ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் பங்களாவுக்கு வந்திறங்கிய அன்றே அது வாலை விரித்து, இறக்கையால் தரையைக் கீறி, மூக்குச் சதையைத் தொங்கவிட்டுக் கூண்டுக்குள் உலா வந்தது.

பால் ஊற்ற வந்த பிச்சம்மாள் கூண்டையும் பட்லரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது என்ன அண்ணாச்சி, அப்படியே உங்கள மாதிரி நடக்கு?"

வேறு யாராவது என்றால் கோபம் வந்திருக்கும். அய்யாக்குட்டிக்குப் பெருமை வந்தது. "பின்ன? நான் பழக்குன கோழில்லா. 'நில்லு'ன்னா நிக்கும், பாக்குதியா?" என்று கூண்டைத் திறந்தார்.

நிற்கவில்லை. அவர் காலுக்கு நடுவே புகுந்து, வேலியைத் தாண்டி, பின்னால் மலையேறும் பலாத்தோப்புக்குள் போய் மறைந்தது. பிச்சம்மாள் பால்செம்பைத் தூக்கிக்கொண்டு, தான் எதையுமே பார்க்கவில்லை என்பதுபோல் நடந்துவிட்டாள்.

துரை அதிகம் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழும் அதிகமில்லை. "பாய், கிறிஸ்மஸ்க்கு அந்தச் சேவல் இல்லே, நீ இல்லே" என்றார். சந்தையில் இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர், வேலை போய் அதே சந்தையில் கூடை சுமப்பதா? அய்யாக்குட்டி அப்போதே கிளம்பினார்.

கௌதாரி பிடிக்கிற சுடலைமாடனிடம் போனார். கூண்டில் பழக்கிய சேவல் கௌதாரியைப் புதரோரம் வைத்துக் கத்தவிட்டு, சண்டைக்கு வருகிற காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் மாட்டுவது சுடலைமாடனின் பிழைப்பு.

"தீனி போட்டா வருமாலே?" என்று அய்யாக்குட்டி கேட்டார்.

"தீனியக் கண்டா யோசிக்கும் அண்ணாச்சி. பொட்டையக் கட்டி வச்சாலும் சமயத்துல யோசிக்கும். இன்னொருத்தன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, பொட்டையளுக்கு நடுவுல நிக்குதான்னு வைங்க, யோசிக்கவே யோசிக்காது. நேரா சண்டைக்குத்தான் வரும். ஆம்பளப் புத்தி."

"வான்கோழிக்கு எதிராளிய நான் எங்கன போயிலே தேடுவேன்? இந்தப் பக்கம் முழுக்க ஒண்ணுதான் இருக்கு."

"ரெண்டுன்னுல்லா பிச்சம்மாள் சொல்லிக்கிட்டுத் திரியுதா" என்றான் சுடலைமாடன்.

அய்யாக்குட்டியின் மனைவி வடிவம்மாள் குத்துக்கல்வலசைக் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து பொம்மை செய்தாள். அரிசி புடைக்கிற கிழிந்த சுளகைச் சட்டிக்கரியால் கறுப்பாக்கி விரித்த வாலாக வைத்தாள். உடம்புக்குக் கூடையின் மேல் கறுப்புக் கம்பளி. தலைக்குத் துரை கழித்துப்போட்ட காலுறையில் தேங்காய் நார். மூக்கில் தொங்கும் சதைக்குத்தான் சிவப்பு கிடைக்கவில்லை. அய்யாக்குட்டி குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய கச்சையில் ஒரு துண்டைக் கிழித்துவிட்டாள். அவர் வந்து குதித்தபோது, "கச்சை போனா தச்சுக்கிடலாம். வேலை போனா தைக்க முடியுமா?" என்று கேட்டாள். அவர் மிச்சக் கச்சையை எடுத்து மடித்து வைத்தார்.

பலாமரத்தடியில் பொம்மையை நிறுத்தி, பக்கத்தில் இரண்டு பெட்டைகளையும் கட்டிப்போட்டு, அய்யாக்குட்டியும் சுடலைமாடனும் பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள். சேவல் வரத்தான் செய்தது. தோப்பின் விளிம்பில் நின்று பொம்மையை மேலும் கீழும் பார்த்தது. அசையாத எதிராளியை எந்த வீரன் மதிப்பான்? அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே குற்றாலத்துக் குரங்குகள் வந்துவிட்டன. அந்த ஊரில் சாமிக்குப் படைத்த தேங்காயையே விட்டுவைக்காத கூட்டம் அது. ஒன்று காலுறைத் தலையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. இன்னொன்று கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்த்தது. சேவல் திரும்பிப் போய்விட்டது.

"பொம்மை ஆகாது அண்ணாச்சி. உள்ள ஆளு வேணும். அசையணும், நடக்கணும்" என்றான் சுடலைமாடன்.

"ஆளா? யாரு?"

சுடலைமாடன் கீழே கிடந்த சுளகைக் கையில் எடுத்தான். அவரையே பார்த்தான்.

விதியே என்று அய்யாக்குட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டார். சுடலைமாடன் அவர் இடுப்புக்குப் பின்னால் சுளகைக் கட்டினான். மிச்சமிருந்த சிவப்புக் கச்சையைத் தலையில் சுற்றி மூக்கின்மேல் தொங்கவிட்டார். குந்தியபடி இரண்டு அடி வைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. நான்காவது அடியில் வெட்கம் போய்விட்டது. நெஞ்சு தானாக முன்னால் வந்தது. சந்தையில் அத்தனை வருஷம் நடந்து பழகிய நடைதானே! பெட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். தொண்டையைக் கனைத்து, கொளகொளவென்று ஒரு குரலும் கொடுத்தார்.

பதில் குரல் பக்கத்திலேயே கேட்டது. தலை நீலமும் சிவப்புமாக மாற, சேவல் மண்ணைப் பறக்கவிட்டுக்கொண்டு வந்தது. முதல் உதை முழங்காலில். இரண்டாவது எங்கே என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் உருண்டார்கள். சுளகு பிய்ந்தது. சுடலைமாடன் உதவிக்கு ஓடி வந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒருவழியாகக் கம்பளியைப் போட்டு மூடி, சேவலின் மேலேயே படுத்துக்கொண்டுதான் அய்யாக்குட்டி அதைப் பிடித்தார்.

தலை நிமிர்ந்தால், பங்களாவின் பின் வராந்தாவில் துரை பைனாகுலரோடு நிற்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிகிறது. வேலை பிழைத்தது. சேவலும் பிழைத்தது, இப்படிப்பட்ட வேடிக்கைப் பொருளை அறுக்கலாமா என்று துரை சொல்லிவிட்டார். யாருக்காகச் சண்டை நடந்ததோ, அந்த இரண்டு பெட்டைகளும்தான் கிறிஸ்மஸ் மேஜைக்குப் போயின.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை அதன் பிறகுதான் தொடங்கியது. சுளகு இல்லை, கம்பளி இல்லை. ஆனாலும் நடையை வைத்தே சேவல் தன் எதிராளியை அடையாளம் கண்டுகொண்டது. தட்டோடு முற்றத்தைத் தாண்டும் நேரமெல்லாம் வாலை விரித்து மறிக்கும், பாயும். சாயங்காலம் துரைமார் கையில் கோப்பையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். தட்டு பறக்கும், பட்லர் ஓடுவார், அவர்கள் கைதட்டுவார்கள். பட்லர் எந்த மூலையில் விழுவார் என்று பந்தயமும் கட்டுவார்கள்.

காலில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்ட வடிவம்மாள், "ஒரு நாளைக்குக் குனிஞ்சு நடந்து பாருங்களேன். கொத்தாதுல்லா?" என்றாள்.

செய்து பார்த்தார். முதுகை வளைத்து, நெஞ்சை உள்ளே இழுத்து, முற்றத்தில் நடந்தார். சேவல் ஒரு தடவை பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு புழுப் பொறுக்கப் போய்விட்டது. துரை பார்ப்பது போலவே அதுவும் அவரைப் பார்த்தது, அதாவது பார்க்கவே இல்லை. அய்யாக்குட்டிக்கு உதை வாங்கிய நாட்களில்கூட அப்படி வலித்ததில்லை. மறுநாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். சேவல் ஓடி வந்து உதைத்தது. மனசு ஆறியது.

அடுத்த கிறிஸ்மஸ் வந்தது. துரைக்கு வேடிக்கை சலித்துப் போயிருந்தது. "பாய், இன்னிக்கு அதை வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அய்யாக்குட்டி கத்தியோடு முற்றத்துக்குப் போனார். கத்தியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? வழக்கம்போல வாலை விரித்து, தரையைக் கீறி, கொளகொளவென்று கத்திக்கொண்டு எதிரே வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தப் பங்களாவில் தன்னை ஓர் ஆளாக மதித்து எதிரே வந்து நின்றது இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது. கத்தியை வாழைமரத்தில் குத்திவிட்டு, மேல்துண்டைப் போட்டுச் சேவலை அமுக்கிக் கக்கத்தில் இடுக்கினார்.

பின்வாசலுக்குப் போகவில்லை. பங்களாவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தார். விருந்துக்கு வந்த துரைமார் வராந்தாவில் எழுந்து நின்று பார்த்தார்கள். சேவல் கக்கத்திலிருந்தபடியே அவர் விலாவில் கொத்திக்கொண்டிருந்தது.

"பாய்!" என்று டாசன் துரை கத்தினார். "பாய்!"

அய்யாக்குட்டி வாசல் கதவைத் திறந்தபடி திரும்பினார். "என்னைய அய்யாக்குட்டிம்பாக" என்றார். போய்விட்டார்.

குத்துக்கல்வலசையில் வடிவம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "வேலைய விட்டுட்டு, உதைக்குதத வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்கீகளே, உங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?" தை மாசம் முடியும்வரை அவள் அவரோடு பேசவில்லை. பேசாமலே சோறு போட்டாள். பிறகு அவளுடைய காதுப் பாம்படம் அடகுக்குப் போய், தென்காசிச் சந்தை முக்கில் ஒரு காப்பிக் கடையாகத் திரும்பி வந்தது. முன்பு அவர் தோரணையைப் பார்த்துச் சிரித்த சந்தைக்காரர்கள் இப்போது காப்பி குடித்துக்கொண்டே சிரித்தார்கள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர் அவர். காப்பி ஆற்றும்போதும் நெஞ்சு முன்னால்தான் இருந்தது.

ஒரு காலையில் அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முற்றத்தில் வடிவம்மாள் அரிசி புடைக்கச் சுளகைத் தூக்கினாள். சுளகைக் கண்டதும் சேவலுக்குப் பழைய பகை ஞாபகம் வந்துவிட்டது. இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, கொளகொளவென்று அவளை நோக்கி வந்தது. அவள் விறகுக் கட்டையைத் தேடினாள்.

அய்யாக்குட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"ஏட்டி, கட்டைய கீழ போடு. நீ ஒதுங்கு. அவன் கூப்பிடுதது என்னைய."