வீட்டைக் கீறச் சொன்ன மிஸ்

சிகா, கேது... இந்தக் கிழமை சிறுவர் பக்கத்தில் எழுதுவது உங்கள் இரண்டு பேருக்கும்தான். மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து வாசிக்கலாம். ஒளிக்க ஒன்றுமில்லை. அம்மாவிடம் காட்டி, அவர் இரண்டு வரிகளை வெட்டிய பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது. எந்த இரண்டு வரி என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன சனிக்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு பாதையில் வாவியைக் கடந்தேன் அல்லவா? வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் போய்வரும் தட்டையான இரும்புப் படகு. நடு வாவியில் வைத்து, இஞ்சின் சத்தத்துக்கு மேலால், கேது கத்திக் கேட்டான்.

"அப்பா, ஜட்ஜ் ஐயா எனக்கு எத்தின மார்க்ஸ் போட்டாரு?"

"என்ன மார்க்ஸ் மனே?"

"கோட்டுல கையெழுத்து வெச்ச பேப்பர் இரிக்கிதானே... அதுல எனக்குக் கூடவா, அக்காக்குக் கூடவா?"

"லூசு, அது சோதின இல்ல," என்றாள் சிகா.

பாதையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மீன் பெட்டியோடு நின்ற ஒரு ஐயா விடவில்லை. "தம்பி, மார்க்ஸ் போட்டிருந்தா ஒன்ட அப்பனுக்குத்தான் போட்டிருப்பாங்க. பாஸா எண்டு கேளு!"

நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாஸா? முதல் தடவை பெயில். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் மேசன். ஓ.எல். சோதனை வரை படித்தவன். கணக்கில் பாஸ், மற்றப் பாடங்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அம்மாவும் நானும் இனி ஒரே வீட்டில் இருப்பதில்லை என்று முடிவானபோது, ஒரு பையில் உடுப்பும் இன்னொரு பையில் சாந்து பூசும் சாந்தகப்பையும் நீர்மட்டமும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஏன் அப்படி முடிவானது என்பது இரண்டு பெரியவர்களின் சங்கதி. அதை இங்கே எழுதமாட்டேன்.

ஏன் நான் வெளியே வந்தேன்? எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். வீடும் அது நிற்கும் வளவும் பெண்பிள்ளைக்கு. அம்மாவின் அப்பா வளவு கொடுத்தார். அதில் அத்திவாரத்திலிருந்து ஓடு வரை நான் கட்டினேன். அதற்கு முதல் என் தங்கச்சிக்கு ஒரு வீடு கட்டினேன். ஊரில் வேறு எத்தனையோ பேருக்கும் கட்டினேன். கடைசியில் பையும் கையுமாக நின்ற இடம்... வாவிக்கு அக்கரையில், தங்கச்சி வீட்டு வாசல்.

தங்கச்சியின் புருசன், என் மச்சான், நல்ல மனிசன். ஆனால் புத்தி சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்.

"மச்சான், சும்மா வெறுங்கையோட லோயரிட்டப் போகாத. அவட குற்றம் குறையெல்லாம் வடிவா எழுதிக்கொண்டு போ. முதல்ல எழுதுறவன்தான் வெல்லுவான்."

"மறுகா?"

"மறுகா என்ன மறுகா? புள்ளயள் ரெண்டும் ஒன்னோட! நீ பேப்பர்ல எழுதுற ஆள்தானே, ஒனக்கென்ன கஷ்டம்?"

அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். பேப்பரில் எழுதுகிற ஆள்! உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். மனுவென்றால் ஒரு பக்கத்தில்தான் எழுத வேண்டும் என்று மச்சான் சொன்னபடியால் பின்பக்கமெல்லாம் வெள்ளையாக விட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட எழுதினேன். கேதுவை ஒரு நாள் மழையில் நனைய விட்டார் என்று எழுதினேன். அன்றைக்கு அவனோடு சேர்ந்து நனைந்தவன் நான். அதை எழுதவில்லை.

அதோடு நின்றேனா? சிகா, ரியூசன் வகுப்பு வாசலில் வைத்து உன்னிடம் ஒன்று சொன்னேன். "ஆரும் கேட்டா, அப்பாவோடதான் இரிப்பன் எண்டு சொல்லணும், என்ன?" நீ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "அப்ப அம்மா?" என்று கேட்டாய். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

காசு கொடுத்து லோயர் பிடிக்க முடியாதவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிற இடம் டவுனில் இருக்கிறது. கிராம சேவகரின் கடிதம், கல்யாணப் பதிவு, உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், என்னுடைய நாலு பக்கம் — எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு போனேன். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசி பெண்கள். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, தாபரிப்பு வழக்கா? புள்ளைக்குக் காசு குடுக்கிறல்லயா?"

"இல்ல அக்கா. புள்ளயளக் கேட்டு வந்திரிக்கன்."

"கேட்டா! ஆம்புளயா?" அவர் கொஞ்சம் தள்ளி இருந்தார். என்னில் சீமெந்து படிந்திருந்ததாலும் இருக்கலாம்.

உள்ளே இருந்த சட்டத்தரணி காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் பெண். வயதில் என்னிலும் இளையவர். பெயர் எழுத வேண்டாம் என்றார். மிஸ் என்றே எழுதுகிறேன். நாலு பக்கத்தையும் நீட்டினேன். முதல் பக்கத்தில் நாலைந்து வரி பார்த்தார். அவ்வளவுதான். மேசையில் வைத்துவிட்டார். எழுதுகிறவனுக்கு அது எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

"அண்ணன், ஒங்களுக்கு என்ன வேணும்?"

"புள்ளயள் என்னோட இரிக்கணும் மிஸ்."

"நீங்க எங்க இரிக்கிறீங்க?"

"தங்கச்சிட வீட்ட."

"அவக்கு எத்தின புள்ளயள்?"

"மூணு."

"அப்ப ஒங்கட புள்ளயள் எங்க படுக்கும்?"

மிஸ் என் காதில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தார்.

"மேசன்தானே? படமாக் கீறிக் காட்டுங்க. ஜட்ஜ் கேட்டா நான் சொல்லணும். எங்க படுப்பாங்க, எங்க இரிந்து படிப்பாங்க... எல்லாம் கீறுங்க."

என்னுடைய நாலாவது பக்கத்தை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, என் பக்கம் தள்ளினார்.

கையில் பென்சில் வந்தால் எனக்கு யோசனை தேவையில்லை. பத்துக்குப் பதினொன்று அறை. வாவிப் பக்கம் ஜன்னல், காற்று வர. ஜன்னலுக்குக் கீழே சிகாவின் மேசை, பின்னேர வெளிச்சம் புத்தகத்தில் விழ. மூலையில் கட்டில். கதவோரம் ஒரு ஆணி... பக்கத்தில் 'மூன்றடி' என்று குறித்தேன்.

"ஆணி ஏன் இவ்வளவு பதிவா இரிக்கி?" என்று மிஸ் கேட்டார்.

"சின்னவன் ஸ்கூல் பையக் கொண்டுவந்து நிலத்தில எறியிற மிஸ். எட்டுற உசரத்தில அடிச்சா தானா கொழுவுவான்."

"நல்ல யோசின. தங்கச்சிட வீட்டில ஜன்னல் வாவிப் பக்கமா?"

"இல்ல மிஸ், அது கடைத்தெருப் பக்—"

நான் படத்தைப் பார்த்தேன். அது தங்கச்சியின் வீடு இல்லை. அந்த வாவி, அந்தக் காற்று, அந்த மூன்றடி ஆணி... எல்லாம் அம்மாவின் வீடு. பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று கேட்டதற்கு என் கை அந்த வீட்டைத்தான் கீறியிருக்கிறது!

மிஸ் சிரிக்கவில்லை.

"எங்கட ஊரிலயும் இதுதான் அண்ணன். வீடு பொம்புளப் புள்ளைக்கு. வாப்பாவும் கூடப்பொறந்த நானாமாரும் ஓடி ஓடிக் கட்டுவாங்க. பிரிஞ்சா வெளிய வாறதும் ஆம்புளதான். அது ஒங்கட பிழை இல்ல." படத்தில் விரலை வைத்தார். "புள்ளயள் எங்க படுக்கணும் எண்டு ஒங்கட கையே சொல்லிட்டு. இனி நீங்க அவங்களோட எப்பெப்ப இரிக்கணும் எண்டு சொல்லுங்க. அத நான் கேட்டுத் தாறன்."

நான் முகத்தைத் துடைத்தேன். மேசனுக்கு எப்போதும் ஒரு சாக்கு இருக்கிறது — சீமெந்துத் தூசி.

"புள்ளயளுக்கு ஏதும் சொல்லிக் குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம் மிஸ். மகளுக்கு."

"எத்தின வயசு?"

"பதினொண்டு."

"ஜட்ஜ் உள்ளுக்குக் கூப்பிட்டுக் கேட்டா, அந்தப் புள்ள ஒரு ஆளப் புடிச்சு, மத்த ஆள விட்டுட்டு வெளிய வரணும். மறுகா அவ எந்த வீட்டுக்குப் போனாலும் அது அவட மனசில கிடக்கும். அந்தப் பாரத்த அவக்கு ஏத்தப்போறீங்களா?"

ஈரம் காயாத சுவரில் பாரம் ஏற்றக் கூடாது என்று வேலைக்கு வருகிற பெடியன்மாருக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? சிகா, ரியூசன் வாசலில் சொன்னதற்கு அப்பாவை மன்னித்துக்கொள். நேரே சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுகம்.

பிறகு மிஸ் அம்மாவுக்குக் கடிதம் போட்டார். அம்மா தன்னுடைய சட்டத்தரணியோடு வந்தார். ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்தோம். நடுவில் என் பைல்.

"சனிக்கிழம காலம எட்டு மணியில இருந்து ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் அப்பாவோட. பள்ளிக்கூட லீவில பாதி," என்று மிஸ் வாசித்தார்.

"அஞ்சு எண்டா அஞ்சு," என்றார் அம்மா. "பாதைய விட்டுட்டன் எண்டு எனக்குக் கதை சொல்லப்படா."

"பாதை போனா நீந்திக்கொண்டு வாறன்."

"புள்ளயளையும் கொண்டா?"

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவின் சட்டத்தரணி ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த நேரம் அம்மா கையை நீட்டி, பைலில் இருந்து அந்தக் கடதாசியை இழுத்தார். படம் மேலே இருந்தது. பின்னால் என் நாலாம் பக்கம். திருப்பினால் முடிந்தது! சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை.

அம்மா படத்தை வெகு நேரம் பார்த்தார். பேனாவால் அமத்தி எழுதுகிறவன் நான். எழுத்து ஊறி இந்தப் பக்கமும் மங்கலாகத் தெரிந்திருக்கும். என்ன எழுத்து என்று அவர் ஊகிக்கமாட்டாரா? ஆனால் திருப்பவில்லை.

"கட்டில் இப்ப இஞ்ச இல்ல," என்றார். "ஜன்னலடிக்கு இழுத்துட்டம். இந்த மூலையில கூரை ஒழுகுது."

"வந்து பாக்கவா?"

படத்தை அப்படியே, படம் மேலே இருக்கும்படி, என் பக்கம் தள்ளிவிட்டார். "அதையும் சேத்து எழுதுங்க மிஸ். மாரிக்கு முதல் வந்து கூரையப் பாக்கணும் எண்டு."

கூரையெல்லாம் கோர்ட்டுப் பேப்பரில் வராதாம். ஆனாலும் மாரி தொடங்குவதற்கு முதல் போய் மூன்று ஓடு மாற்றிவிட்டு வந்தேன். அம்மா தேத்தண்ணி தந்தார். சீனி சரியாக இருந்தது.

நீதிமன்றத்தில் இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. "ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்று நீதிபதி கேட்டார். "சம்மதம்" என்றோம். சிகாவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவள் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஆகவே கேது, அந்தப் பேப்பரில் மார்க்ஸ் இல்லை. கிழமை நாட்கள்தான் இருக்கின்றன. உனக்கும் அக்காவுக்கும் ஒரே அளவு.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்று. "ஆரோட இரிப்பாய்?" என்று யாராவது உங்களைக் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "பெரியாக்கள் நீங்க பேசி முடிங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போகலாம். பெரியவர்களுக்கும் ஒன்று. சட்ட உதவி என்றால் சண்டைக்கு ஒரு ஆள் பிடிப்பது என்று நினைத்துத்தான் நானும் போனேன். எனக்குக் கிடைத்தது, நான் என்ன கேட்கிறேன் என்று என்னையே கேட்ட ஒரு ஆள்.

இப்போது நான் படுவான்கரையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். போன சனிக்கிழமை முதல் தடவையாக அங்கே வந்தீர்கள். கேது வந்ததும் வராததுமாகப் பையை நிலத்தில் எறிந்தான்.

ஞாயிறு அஞ்சு மணிக்குப் பத்து நிமிசம் இருக்க உங்களை அம்மாவிடம் விட்டுவிட்டு, அடுத்த பாதையில் திரும்பி வந்தேன். இன்னும் பொழுது படவில்லை. பை கிடந்த இடத்தில் கொஞ்சம் மணல் இருந்தது. கூட்டவில்லை. சுத்தியலும் ஆணியும் எடுத்தேன்.

படத்தில் மூன்றடி. ஆனால் அது போன வருசத்துக் கேது. மூன்றடி நாலங்குலத்தில் குறி வைத்து அடித்தேன். பழைய சுவர், மணல் கூடிய பூச்சு. ஆணி ஆடியது. இப்படியான சுவருக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது — கடதாசியை நனைத்து, உருட்டி, ஓட்டைக்குள் இறுக்கித் திணித்துவிட்டு அடித்தால் பிடிக்கும்.

பைலைத் திறந்தேன். படம் இருந்த பக்கத்தை மடித்து உள்ளே வைத்தேன். முதலாம் பக்கத்தில் மேலேயிருந்து ஒரு துண்டு கிழித்தேன். பால் பொங்கிய கதை அதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நனைத்து உருட்டித் திணித்தேன். அடித்தேன். என் சாமான் பையைக் கொழுவிப் பார்த்தேன். சாந்தகப்பை, சுத்தியல், நீர்மட்டம், எல்லாப் பாரத்தையும் தாங்கியது. கழற்றிவிட்டு ஆணியை வெறுமையாக விட்டேன், சனிக்கிழமைக்கு.

கடதாசி இன்னும் நிறைய மிச்சம். சிகாவின் கண்ணாடிக்கு ஒரு ஆணி அடிக்க வேண்டும், உங்கள் துவாய்களுக்கு இரண்டு.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தின் நாலாவது நிபந்தனை... வீட்டுக்காரர் சிறுவர் பக்கம் வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.