விரதம் முடிஞ்ச பிறகு ஆக்குன பீஃப் ஹேஷ்

என் புருசன் கண்டியில ஒரு ஹோட்டல் குசினியில இருவத்திரண்டு வருசம் வேலை செஞ்சாரு. காலைச் சாப்பாடு அவர் பொறுப்பு. வெள்ளைக்காரங்களுக்கு முட்டை, பாண், அதோட பீஃப் ஹேஷ்னு ஒன்னு. அவிச்ச மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பொடிசா வெட்டி, வெங்காயமும் மிளகும் போட்டு, பட்டர்ல மொறுமொறுன்னு வர்ற வரைக்கும் தாச்சியில வச்சு எடுக்குறது. மேல ஒரு பொரிச்ச முட்டை. அவர் கையால ஆக்குனா தட்டுல ஒரு துண்டு மிச்சம் வராதாம். அதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்க வீட்டுல ஆடு, கோழி, மீன் எல்லாம் ஏறும், மாடு மட்டும் ஏறாது. அப்பா வீட்டு வழக்கம் அது. கல்யாணம் கட்டி வத்தேகமைக்கு வந்த பிறகும் நான் அதை விடல.

மனுசன் அதுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல. வேலை முடிஞ்சு வந்தா பின்பக்கம் பைப்படியில குளிச்சு, சாரத்த மாத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாரு. "உன் முருகன் என்னைய மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவாரு போல"ன்னு கேலி பண்ணுவாரு. நானும் சிரிச்சுக்கிட்டு டீ ஊத்திக் குடுப்பேன்.

போன வருசம் அவருக்குத் தொண்டைக்குக் கீழ கட்டின்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில கரண்ட் வச்சாங்க, ஊசி போட்டாங்க. கடைசியா டொக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "தொண்டையில இறங்குற வரைக்கும் அவருக்கு ஆசையானதைக் குடுங்க"ன்னு சொன்னாரு. நான் நேரா கோயிலுக்குப் போயி நாப்பத்தெட்டு நாள் விரதம்னு வேண்டிக்கிட்டேன். நான் மட்டும் இருந்திருந்தாலாவது பரவாயில்ல. வீட்டுக்குள்ளயே கவிச்சி ஏறாதுன்னு வேண்டிக்கிட்டேனே, அதுதான் என் கெட்டிக்காரத்தனம்! சீக்காளிக்கும் பருப்பும் கீரையும்தான்.

நாப்பத்தோராவது நாள். குழைச்ச சோத்துல பருப்பை ஊத்திக் குடுத்தேன். ரெண்டு வாய் எடுத்துட்டுத் தட்டைத் தள்ளி வச்சாரு.

"ஒரு ஹேஷ் தின்னணும் போல இருக்கு புள்ள."

இருவது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துன மனுசன் என்கிட்ட முதல் தடவையா வாய் விட்டுக் கேட்ட சாப்பாடு. நான் என்ன சொன்னேன்?

"ஏழு நாள் பொறுங்க. விரதம் முடியட்டும், நானே ஆக்கித் தர்றேன்."

அவர் "சரி"ன்னாரு. அந்த "சரி" மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு. ஒரு சத்தம் போட்டிருக்கலாமே! "போடி நீயும் உன் விரதமும்"னு தட்டைத் தூக்கி எறிஞ்சிருந்தா நான் அன்னைக்கே கடைக்கு ஓடியிருப்பேன். நேந்ததை இடையில முறிச்சா அவருக்குத்தான் ஏதாவது ஆகும்னு எனக்குப் பயம். அவருக்கு ஆகிக்கிட்டே இருந்தது என் கண்ணுல படல.

அந்த ஏழு நாள்ல சோறு கஞ்சியாச்சு. கஞ்சி தண்ணியாச்சு. நான் சாயங்காலம் விளக்கு வச்சதும் கலண்டர்ல அன்னைய நாளைப் பென்சிலால அடிச்சுடுவேன். அவர் கட்டில்ல இருந்தபடியே "இன்னும் எத்தனை?"ன்னு கேப்பாரு. நாலு. மூனு. ரெண்டு.

விரதம் முடிஞ்ச மறுநாள் காலையிலேயே தலைக்குக் குளிச்சு, கோயில்ல தேங்கா உடைச்சுட்டு, அப்படியே இறைச்சிக்கடைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்துச்சு. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கார முஸ்லிம் நானா எட்டிப் பாத்து, "இண்டைக்கிப் போயா தானே தங்கச்சி. கண்டிக்குப் போனாலும் கெடைக்காது"ன்னாரு.

அட கடவுளே! பௌர்ணமிப் போயா அன்னைக்கு, புத்தருக்கான நாள்னு, இந்த நாட்டுல ஒரு துண்டு இறைச்சி விக்க முடியாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கலண்டர்லயும் சிவப்பா அச்சடிச்சுத்தான் இருக்கு. நாளை அடிக்கிறதுலயே குறியா இருந்தவ அடுத்த கட்டத்தைப் பாக்கல. முதல் நாளே வாங்கி யார் வீட்டு பிரிட்ஜ்லயாவது வச்சிருக்கலாம். விரதம் முடியாம அதைக் கையால தொடக்கூடாதுன்னு இருந்தேன்.

வெறுங்கையோட வந்து அவர்கிட்ட சொன்னேன். சத்தமே இல்லாம சிரிச்சாரு. "நாப்பத்தெட்டு நாள் எண்ணத் தெரிஞ்சவளுக்குப் போயா தெரியல பாரு." அன்னைக்கு முழுக்க பால் ஊத்தாத பிளேண்டி டீ அரை கப்தான் கரண்டி கரண்டியா இறங்குச்சு.

மறுநாள் கடை திறக்கும்போதே நான் வாசல்ல நின்னேன். அரைக் கிலோ வாங்கிக்கிட்டு, புதுசா ஒரு தாச்சியும் வாங்குனேன். விரதம் முடிஞ்சும் என் புத்தி மாறல பாருங்க, வீட்டு அடுப்புல ஏத்த மனசு வரல. பின்பக்கம் மூனு கல்லை வச்சுத்தான் அடுப்பு மூட்டுனேன். அவரைத் தாங்கிக் கூட்டிவந்து கதிரையில உக்கார வச்சேன். தோள் எலும்பு என் கையில குத்துச்சு.

இறைச்சியை அவிக்கவும் வெட்டவும் அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. குரல் பாதி வந்துச்சு, மீதியைக் கையால காட்டுனாரு. தாச்சியில போட்டதும் நான் கரண்டியை எடுத்துக் கிண்டப் போனேன். "கிண்டாத புள்ள! விடு. அடி புடிக்கட்டும்." அடி புடிச்ச வாசம் வரவும் திருப்பிப் போடச் சொன்னாரு. ரெண்டு பக்கமும் செவந்து வந்துச்சு. முட்டையைப் பொரிச்சு மேல வச்சுக் குடுத்தேன்.

ஒரு துண்டை வாயில போட்டாரு. மென்னாரு, மென்னுக்கிட்டே இருந்தாரு. முழுங்கப் பாத்தாரு. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு. நான் உள்ளங்கையை நீட்டுனேன். அதுல துப்பிட்டாரு. பிறகு தண்ணி குடுத்தேன், அதுவும் மூக்கு வழியா வந்துச்சு. ஒம்பது நாளைக்கு முன்ன சோறு இறங்குன தொண்டை அது.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்குனாரு. பிறகு தட்டை என் பக்கம் நகட்டுனாரு.

"நாக்குல ருசியே தெரியல. நீ தின்னு பாத்துச் சொல்லு, சரியா வந்திருக்கா?"

நான் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். பிறந்ததுல இருந்து தொடாத இறைச்சி. குமட்டும்னு நெனச்சேன், குமட்டல. அது சரியா வந்திருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவர் ஆக்குனதை ஒரு நாளாவது தின்னிருந்தாத்தானே தெரியும்!

"சரியா வந்திருக்குங்க"ன்னேன்.

"அப்ப மிச்சம் வைக்காம சாப்புடு."

அவர் பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்தப் பட்டினி கிடந்த மனுசன் முன்னால உக்காந்து, ஒரு துண்டு விடாம அவ்வளவையும் நானே தின்னேன்.