கதவுக்குள் கேட்ட வாள் சத்தம்

கோத்தா திங்கியில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில், போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு நடந்தது இது. அன்று என் தம்பியின் பதினாறாம் நாள் காரியம். சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன், வழியிலேயே விபத்தில் போய்விட்டான். அன்றிலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவன் சட்டைகளைத் துவைத்து மடிப்பதும், அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்குக் கேட்டைத் திறந்து வைப்பதுமாக இருந்தார். காரியம் முடிந்தாலாவது வாய்விட்டு அழுதுவிட வேண்டும், இல்லையென்றால் அம்மாவும் நமக்கில்லை என்று பயந்துகொண்டிருந்தேன்.

படையலில் போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்போம் அல்லவா? மீ கோரெங் நூடுல்ஸ், கோழி வறுவல், ஐஸ் தேநீரான தே ஐஸ் எல்லாம் வந்தன. அவனுடைய கேம் பெட்டியையும் டிவியோடு வைத்தே தீருவேன் என்று நான் அடம் பிடித்தேன்.

"அலமாக், படையல்ல இதெல்லாமா வைப்பாங்க?" என்றார் மாமா, அம்மாவின் அண்ணன். நான் காதில் வாங்கவில்லை.

நானும் தம்பியும் சேர்ந்து விளையாடிய கேம் அது. என் ஆள் ஒரு வாள்காரி. கண்ணை மூடிக்கொண்டு பாய்வேன், சாவேன், அவ்வளவுதான் என் திறமை. அவனுடைய ஆளுக்கு வாளும் தெரியும், மந்திரமும் தெரியும். இரண்டுங்கெட்டான் என்று கிண்டல் செய்வேன்.

"ரெண்டும் தெரியுதுன்னு ரெண்டையும் காட்டிக்கிட்டே இருக்கக்கூடாதுக்கா. எப்ப எதுன்னு தெரியணும்லா," என்பான்.

வாளால் வெட்ட வெட்ட மந்திர சக்தி ஊறும். அதை வீணாக்காமல் சேர்த்து வைத்து, கூட இருப்பவர் விழப்போகும் நேரத்தில் மட்டும் காயம் ஆற்றச் செலவழிக்க வேண்டும். அவன் கன்ட்ரோலரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாலும், அந்த ஆள் தானாகவே என் ஆள் பின்னால் வந்து அப்படிச் சண்டை போடும்படி அமைத்திருந்தான். நான்தான் அடிக்கடி சாகிறவளாயிற்றே!

நடுப்பகல். எங்கள் இருவரின் ஆட்களையும் பிசாசுகள் வராத ஊர் வாசலில் நிறுத்திவிட்டு, கன்ட்ரோலர்களை வாழை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கற்பூரம் காட்டினோம். போனவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போர்ச்சில் உட்கார்ந்தோம்.

அப்போது உள்ளே வாள் மோதும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மணிச் சத்தம். காயம் ஆற்றும் மந்திரம் போட்டால் வருவது. தம்பியின் ஆளுக்கு மட்டும்தான் அது உண்டு. மறுபடி வாள். மறுபடி மணி. வீட்டுக்குள் யாருமே இல்லை.

அம்மா எழுந்தார். "வந்துட்டான்," என்றார் சிரித்த முகத்தோடு. அந்தச் சத்தத்தைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மாமா தடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே சாம்பிராணிப் புகை. சாப்பாடு வைத்தபடியே இருந்தது. டிவியில் ஊர் வாசலைக் காணோம், இருட்டுக் காடு. என் வாள்காரி திருப்பி அடிக்காமல் பிசாசுக் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே இருந்தாள். தம்பியின் ஆள் அவளைச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தான். கீழே பார்த்தேன். உடைத்து வைத்த தேங்காய் மூடி ஒன்று சரிந்து, என் கன்ட்ரோலர் மேல் சாய்ந்திருந்தது. அதுதான் அவளைக் காட்டுக்குள் நடக்க வைத்திருக்கிறது. அவன் அவள் பின்னாலேயே போயிருக்கிறான்.

மாமா டிவியை அணைக்கப் போனார்.

"தொடாதண்ணே! பாரு, அக்காவ விட்டுட்டுப் போகமாட்டேங்கிறான்," என்றார் அம்மா.

வாள்காரிக்கு அடிமேல் அடி. அவளைக் காப்பாற்றியே அவனுடைய மந்திரம் தீர்ந்துகொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அம்மாவின் கண்ணெதிரே அவன் விழுந்துவிடுவான். என் கை முதலில் அவனுடைய கன்ட்ரோலருக்குத்தான் போனது. ஆனால் யாராவது தொட்டால் தம்பி அமைத்தது நின்றுவிடும். அதன் பிறகு சண்டை போடுவது நானாகத்தான் இருக்கும். கையை இழுத்துக்கொண்டேன். தேங்காயை நகர்த்திவிட்டு என்னுடையதை எடுத்தேன்.

வாழ்க்கையில் முதல் முறையாக நான் பாயவில்லை. அவன் முதுகோடு முதுகாக நின்று, அடி வாங்காமல் கேடயம் பிடித்தேன். எனக்காகச் செலவழிக்கத் தேவையில்லாமல் போகவே, அவனுக்குச் சக்தி ஊறியது. கடைசிப் பிசாசும் விழுந்ததும் என் பக்கத்தில் வந்து நின்று, மிச்சமிருந்த காயத்தையும் ஆற்றினான்.

அம்மா டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "சாமி, ஒரு தடவ திரும்பிப் பாருடா."

அவன் திரும்பவில்லை. எங்களுக்கு முதுகு காட்டியபடி அப்படியே நின்றான். அம்மா மறுபடியும் கூப்பிட்டார். பிறகுதான் அந்த அழுகை வந்தது. தெருவே கேட்கும் அழுகை. நானும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போதும் சில மாலைகளில் நான் விளையாட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். தம்பியின் கன்ட்ரோலரை மட்டும் நான் தொடுவதே இல்லை. தொட்டால் அங்கே நிற்பது நானாகத்தான் இருக்கும், அவன் இருக்கமாட்டான்.